பொருநை கலக்கும் முந்நீர்

உரைநடை உலகம்

நுழையும்முன்

கடலை அறிய விரும்புவோர் கரையில் நின்று அலையைக் காண்பது இயல்பு. மன்னார் வளைகுடாவை அறிய விரும்புவோர் அதற்கு முன் பொதிகை மலையையும் காணுதல் வேண்டும். அம்மலையில் பெய்யும் மழையே பொருநையாகிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கிறது. அந்த ஆறு கொணர்ந்த வண்டல் ஒரு பெருந்துறைமுகத்தை நிலத்துக்குள் தள்ளியது. அந்தக் கடல் ஈந்த முத்து ஒரு நாட்டின் பெயரை உலகறியச் செய்தது. மலை, ஆறு, கழிமுகம், தீவு, ஆழ்கடல் ஆகிய அனைத்தும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

வளைகுடாவின் அமைப்பு

இந்தியாவின் தென்கிழக்குக் கரைக்கும் இலங்கையின் மேற்குக் கரைக்கும் இடையே அமைந்த கடற்பரப்பே மன்னார் வளைகுடா. இலங்கையிலுள்ள மன்னார்த் தீவின் பெயரால் இது வழங்கப்படுகிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளத்துக்கு மணல்திட்டுகள் தொடராக அமைந்துள்ளன. சேது அணை, ஆதாம் பாலம் எனப் பல பெயர்களால் சுட்டப்பெறும் இத்தொடரே மன்னார் வளைகுடாவையும் அதற்கு வடக்கேயுள்ள பாக் விரிகுடாவையும் பிரிக்கும் எல்லையாகும்.

இவ்விரு கடல்களும் அடுத்தடுத்து அமைந்தும் இயல்பால் வேறுபட்டவை. பாக் விரிகுடா ஆழம் குறைந்தது. சேறு படிந்த அடித்தளத்தை உடையது. மன்னார் வளைகுடாவோ தெற்கே இந்தியப் பெருங்கடலை நோக்கித் திறந்து கிடப்பது. கரையோரத்திலும் தீவுகளைச் சுற்றியும் சில மீட்டர் ஆழமே உள்ள இக்கடல், தென்புறத்தே ஆயிரம் மீட்டருக்கும் மிகுந்த ஆழத்தை எட்டுகிறது. ஒரே கடலில் தெளிந்த ஆழமற்ற நீரும் பெருங்கடலின் ஆழமும் அடுத்தடுத்து அமைந்திருப்பது, இங்கு உயிரினங்கள் பல்கிப் பெருகுவதற்குரிய காரணங்களுள் ஒன்று.

தமிழ்நாட்டின் பக்கமிருந்து தாமிரபரணி, வைப்பாறு, குண்டாறு முதலிய ஆறுகளும், இலங்கையின் பக்கமிருந்து அருவி ஆறு முதலிய ஆறுகளும் இவ்வளைகுடாவில் கலக்கின்றன. இவற்றுள் வைப்பாறும் குண்டாறும் ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடப்பவை. தமிழகக் கரையிலிருந்து இக்கடலுக்கு நெடுங்காலமாக இடைவிடாது நன்னீர் வழங்கிவந்த ஆறு தாமிரபரணியே.

மலைமுதல் கடல்வரை

பொருநை, தண்பொருநை எனப் பழைய இலக்கியங்கள் போற்றும் தாமிரபரணி, மேற்குத் தொடர்ச்சி மலையின் பொதிகையில் தோன்றுகிறது. அகத்தியர் மலைமுடி 1,860 மீட்டருக்கு மேல் உயர்ந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டையும் பெறும் மலைப்பகுதி ஆதலின், இவ்வாறு ஆண்டு முழுவதும் நீரோட்டம் உடையதாக விளங்கியது. சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனாநதி, பச்சையாறு, சிற்றாறு ஆகியன இதன் துணையாறுகள். தமிழ்நாட்டிலேயே தோன்றித் தமிழ்நாட்டிலேயே கடலில் கலக்கும் இவ்வாற்றின் நீளம் ஏறத்தாழ 125 கிலோமீட்டர்.

நீளத்தில் சிறியதாயினும், தமிழர் வகுத்த திணைநிலங்கள் அனைத்தையும் பொருநை தன் கரையிலேயே காட்டுகிறது. பொதிகைச் சாரல் குறிஞ்சி. அடிவாரக் காடுகள் முல்லை. அம்பாசமுத்திரம் தொடங்கித் திருவைகுண்டம் வரை நெல்லும் வாழையும் செழிக்கும் வயல்கள் மருதம். புன்னைக்காயலின் உவர்நிலமும் மணற்கரையும் நெய்தல். திருச்செந்தூரை அடுத்துச் செம்மணல் குன்றுகளாகக் கிடக்கும் தேரி, பாலையை நினைவூட்டுவது. ஒரு நாள் பயணத்தில் ஐந்திணையையும் கண்டுவிடத்தக்க நிலப்பரப்பு இது.

மலைச்சரிவில் விரைந்து பாயும் நீர் பாறைத்துகளையும் மண்ணையும் இலைமக்கையும் அள்ளிக்கொண்டு வருகிறது. சமவெளியை அடைந்ததும் அதன் விரைவு குறைகிறது. பருமனான மணல் ஆற்றுப்படுகையில் தங்குகிறது. நுண்ணிய வண்டல் கழிமுகம் வரை செல்கிறது. நீரில் கரைந்த ஊட்டப்பொருள்கள் கடலுக்குள் பரவுகின்றன. அவ்வூட்டத்தை உண்டு கண்ணுக்குப் புலப்படா நுண்பாசிகள் பெருகுகின்றன. அவற்றைச் சிற்றுயிர்களும், சிற்றுயிர்களை இறால் முதலியவையும், அவற்றைப் பெருமீன்களும் உண்டு வாழ்கின்றன. வலையில் விழும் மீனின் உணவுத்தொடரைப் பின்னோக்கித் தேடிச் சென்றால், அதன் ஒரு முனை பொதிகைக் காட்டின் உதிர்ந்த இலையில் முடிவதைக் காணலாம்.

தெரிந்து தெளிவோம்

கடலைக் குறிக்கும் தமிழ்ச்சொற்களுள் ‘முந்நீர்’ என்பதும் ஒன்று. ஆற்றுநீர், ஊற்றுநீர், மழைநீர் ஆகிய மூவகை நீரும் சேர்வதால் கடல் முந்நீர் எனப்பட்டது என்பது ஒரு விளக்கம். நிலத்தைப் படைத்தல், காத்தல், அழித்தல் என்னும் முத்தன்மை உடைமையால் அப்பெயர் பெற்றது என்பது மற்றொரு விளக்கம். பொருநைக் கழிமுகத்தில் இவ்விரு விளக்கங்களுக்கும் சான்று உண்டு. ஆழி, பரவை, புணரி, பௌவம், அளக்கர் என்பனவும் கடலின் வேறு பெயர்கள்.

கொற்கைமுதல் காயல்வரை

ஆறு நிலத்தை ஆக்கும் வகையை அறியக் கொற்கையைவிடச் சிறந்த சான்று இல்லை. பாண்டியரின் துறைமுகமாகவும் முத்துக்குளிப்பின் தலைமையிடமாகவும் விளங்கியது கொற்கை. அகநானூறு, ஐங்குறுநூறு, மதுரைக்காஞ்சி முதலிய சங்க நூல்கள் கொற்கை முத்தின் சிறப்பைப் பேசுகின்றன. பொது ஆண்டு முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ‘எரித்திரேயக் கடற்பயண நூல்’ கொற்கையைக் ‘கொல்கி’ என்று குறிப்பிடுகிறது. தாலமியின் நிலநூலும் இவ்வூரைச் சுட்டுகிறது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1968, 1969ஆம் ஆண்டுகளில் நடத்திய அகழாய்வில் கிடைத்த கரித்துண்டு, கரிமப் பகுப்பாய்வின்படி பொ.ஆ.மு. 785ஆம் ஆண்டளவினது எனக் கணிக்கப்பட்டது.

அக்கொற்கை இன்று கடற்கரையில் இல்லை. கடலிலிருந்து ஏறத்தாழ 6 கிலோமீட்டர் உள்ளே, வயல்களும் வாழைத்தோட்டங்களும் சூழ்ந்த சிற்றூராக உள்ளது. கப்பல்கள் நின்ற இடத்தில் நாற்று நிற்கிறது. ஆண்டுதோறும் ஆறு கொணர்ந்த வண்டல் கழிமுகத்தில் படிந்து, நிலம் சிறிது சிறிதாகக் கடலை நோக்கி வளர்ந்ததே இதற்குக் காரணம். கடல் பின்வாங்கியதும் வணிகம் புதிய முகத்துவாரத்தை நாடிச் சென்றது. அங்கே காயல் என்னும் துறைமுகம் எழுந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த வெனிசு நகரப் பயணி மார்க்கோ போலோ, காயலின் வணிக வளத்தையும் இக்கடலின் முத்துக்குளிப்பையும் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். காலப்போக்கில் காயலும் தூர்ந்து ‘பழையகாயல்’ ஆயிற்று. பின்னர்ப் புன்னைக்காயலும் அதன்பின் தூத்துக்குடியும் முதன்மை பெற்றன.

இத்தொடர்மாற்றத்தை ஆராய்ந்து விளக்கியவருள் குறிப்பிடத்தக்கவர் அறிஞர் கால்டுவெல். இடையன்குடியில் வாழ்ந்த அவர், கொற்கையிலும் காயலிலும் நிலத்தைத் தோண்டிப் பார்த்து, ஆற்றின் வண்டலே இரு துறைமுகங்களின் மறைவுக்கும் காரணம் எனக் கண்டார். 1881இல் வெளிவந்த தம் திருநெல்வேலி வரலாற்று நூலில் அதனைப் பதிவு செய்தார். ‘காயல்’ என்னும் சொல் கடலோரத்து உப்பங்கழியைக் குறிப்பது. பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள், ஆறும் கடலும் கலந்து கிடந்த பழைய நில அமைப்பின் எழுதாத ஆவணங்களாக நிற்கின்றன.

கடலுக்கு அப்பாலும் இந்தப் பெயரின் தொடர்ச்சி உண்டு. இலங்கையின் பழம்பெயர்களுள் ஒன்று ‘தம்பபண்ணி’. கிரேக்கர் அத்தீவைத் ‘தப்ரொபேன்’ என அழைத்தனர். கௌடலியரின் அர்த்தசாத்திரம் முத்துவகைகளைக் கூறுமிடத்துத் தாமிரபரணியில் பிறக்கும் முத்தைக் குறிப்பிடுகிறது. ஆற்றின் பெயரும் தீவின் பெயரும் ஒத்திருப்பது, வளைகுடாவின் இரு கரைகளும் தொன்றுதொட்டு ஒருங்கிணைந்த வாழ்வு கொண்டிருந்ததை உணர்த்துகிறது.

காற்றும் நீரோட்டமும்

மன்னார் வளைகுடாவின் ஆண்டைக் காற்றே பகுக்கிறது. சூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று ஓங்கி வீசுகிறது. மலையின் மேற்குச் சரிவில் மழையைப் பொழிந்துவிட்டு வருவதால் அது கடற்கரைக்கு ஈரமின்றி வந்து சேர்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று மழையைக் கொணர்கிறது. மீனவர் மேற்குக் காற்றைக் கச்சான் என்றும், வடகாற்றை வாடை என்றும், கீழ்க்காற்றைக் கொண்டல் என்றும் அழைப்பர். காற்றின் திசையையும், தாம் ‘நீவாடு’ எனக் கூறும் நீரோட்டத்தின் போக்கையும் கொண்டே வலையிடும் இடத்தை அவர்கள் முடிவு செய்கின்றனர்.

நீரோட்டம் மீனை மட்டுமன்றி மணலையும் இடம்பெயர்க்கிறது. தென்மேற்குப் பருவத்தில் கரையோர மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் நகர்கிறது. ஓரிடத்துக் கரை அரிக்கப்படுவதும் மற்றோரிடத்தில் மணல் சேர்வதும் இதனாலேயே. ஆற்றிலிருந்து வரும் மணல் இந்தக் கணக்கின் வரவு. அலை அரித்துச் செல்லும் மணல் அதன் செலவு. வரவு குறைந்தால் கரை தன் இருப்பை இழக்கத் தொடங்கும்.

தீவுகளும் பவளப்பாறைகளும்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, ஏறத்தாழ 140 கிலோமீட்டர் நீளத்துக்குக் கரையை ஒட்டி 21 சிறு தீவுகள் அமைந்திருந்தன. தூத்துக்குடி, வேம்பார், கீழக்கரை, மண்டபம் என நான்கு தொகுதிகளாக அவை பகுக்கப்படுகின்றன. இத்தீவுகளைச் சுற்றியே பவளப்பாறைகள் வளர்கின்றன. 100க்கும் மேற்பட்ட பவள இனங்கள் இங்குக் கண்டறியப்பட்டுள்ளன.

பவளம் கல்லன்று, செடியுமன்று. அது விலங்கினத்தைச் சேர்ந்தது. குண்டூசித் தலையளவே உள்ள பல்லாயிரம் சிற்றுயிர்கள் கூடி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைப் பிரித்துத் தமக்குக் கூடு கட்டிக்கொள்கின்றன. ஒரு தலைமுறையின் கூட்டின்மேல் அடுத்த தலைமுறை வளர்வதால் பாறை உருவாகிறது. இவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அப்பாசிகள் கதிரொளியால் உணவு ஆக்கிப் பவளத்துக்கு அளிக்கின்றன. பவளம் அவற்றுக்கு இடமளித்துக் காக்கிறது. எனவே பவளம் வளரக் கதிரொளி ஊடுருவும் தெளிந்த நீரும், மிதமான வெப்பமும், குன்றாத உப்புத்தன்மையும் தேவை.

பொருநையின் முகத்துவாரத்தை ஒட்டிப் பவளப்பாறைகள் செழிக்காததற்கும், தூத்துக்குடிக்கு வடக்கே அவை தொடர்வதற்கும் காரணம் இதனால் விளங்கும். வண்டல் கலங்கிய நீரில் பவளம் வாழாது. கழிமுகத்துச் சேறும் உவர்நீரும் அலையாத்தி மரங்களுக்கு உரியவை. புன்னைக்காயலில் அம்மரங்கள் சேற்றைத் தம் வேர்களால் பற்றி நிறுத்தி, இறாலும் மீனும் குஞ்சு பொரித்து வளரும் நாற்றங்காலாகின்றன. வண்டலின் ஒரு பகுதி அங்கேயே வடிகட்டப்படுவது, அப்பாலுள்ள பவளத்துக்கும் நன்மை. அலையாத்தி கரையைக் காக்க, பவளப்பாறை அலையின் வேகத்தைத் தடுத்துத் தீவையும் கரையையும் காக்கிறது.

தெரிந்து தெளிவோம்

தீவுகளின் பெயர்கள் கடலோர மக்களின் கூர்ந்த நோக்கைக் காட்டுகின்றன. குடிநீர் ஊற்றுடையது நல்லதண்ணித் தீவு. உவர்நீர் உடையது உப்புத்தண்ணித் தீவு. உடைந்த பவளத்துண்டுகளைச் சல்லி என்பர். காரைச்சல்லி, விலாங்குசல்லி, புலுவினிச்சல்லி என்னும் பெயர்களில் அச்சொல் அமைந்துள்ளது. கடலடிப் பாறைத்திட்டினைக் குறிக்கும் ‘பார்’ என்னும் சொல்லை ஆனைப்பார் என்பதில் காணலாம். முயல், வாழை, தலையாரி, வான் என்பனவும் தீவுப்பெயர்களே.

கடற்புல்லும் ஆவுளியாவும்

பவளப்பாறைகளுக்கு இடையேயுள்ள மணற்பரப்பில் கடற்புல் வளர்கிறது. கடற்பாசி வேறு, கடற்புல் வேறு. பாசிக்கு உண்மையான வேரும் பூவும் இல்லை. கடற்புல்லோ வேரும் தண்டும் இலையும் உடையது. நீருக்கடியிலேயே பூத்துக் காய்ப்பது. இதன் வேர்கள் கடலடி மண்ணைப் பிணித்து நிறுத்துகின்றன. இலைகள் நீரிலுள்ள தூசியைத் தாங்கி நீரைத் தெளிவாக்குகின்றன.

இப்புல்வெளியில் மேயும் பாலூட்டி கடற்பசு. இதனை மீனவர் ஆவுளியா என்பர். மூச்சுவிட அடிக்கடி நீர்மட்டத்துக்கு வரும் இவ்விலங்கு, நாள்தோறும் பல கிலோகிராம் புல்லை உண்கிறது. ஓராண்டுக்கும் மேற்பட்ட கருக்காலத்துக்குப்பின் ஒரு கன்றையே ஈனுகிறது. அடுத்த கன்று பிறக்கச் சில ஆண்டுகள் ஆகும். இனப்பெருக்கம் இவ்வளவு மெதுவாக நிகழ்வதால், இறப்பு சிறிது கூடினாலும் இனம் அழியும் நிலை ஏற்படுகிறது. இதனைக் காக்க 2022இல் தமிழ்நாடு அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுப் பாதுகாப்பகத்தை அறிவித்தது. வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலையை அறுத்து மீண்டும் கடலில் விட்ட மீனவர்கள் பலர். தம் பொருளை இழந்தும் உயிரைக் காத்த அச்செயல் சட்டத்தினும் மேலான காவல்.

முத்தும் சங்கும்

முத்துச்சிப்பிகள் கடலடிப் பார்களில் பற்றி வாழ்வன. சிப்பியின் மென்மையான உடலுக்குள் அயற்பொருளோ ஒட்டுண்ணியோ புகுந்தால், அதனைச் சுற்றிச் சிப்பி ஒளிரும் பூச்சினை அடுக்கடுக்காகச் சுரக்கிறது. அவ்வடுக்குகள் திரண்டு முத்தாகின்றன. தன் துன்பத்தைத் தாங்கும் முயற்சியே சிப்பிக்கு முத்தாகிறது எனலாம்.

முத்துக்குளித்தல் அரிய தொழில். குளியாள் கல்லைப் பற்றிக்கொண்டு கயிற்றின் உதவியால் கடலடிக்கு இறங்குவார். மூச்சடக்கி ஒரு நிமிட அளவில் கைக்கெட்டிய சிப்பிகளைத் திரட்டி, கயிற்றை அசைத்துக் குறிப்புக் காட்டுவார். தோணியில் இருப்பவர் அவரை மேலே இழுப்பார். மேலே உள்ளவரின் விழிப்பிலேயே கீழே உள்ளவரின் உயிர் இருந்தது. தூத்துக்குடிப் பார்களிலும், எதிர்க்கரையில் அரிப்பு, சிலாவத்துறை ஆகிய ஊர்களை ஒட்டிய பார்களிலும் இத்தொழில் நடைபெற்றது. சில ஆண்டுகள் சிப்பி நிறைந்திருக்கும். பின் பல ஆண்டுகள் பார் வெறுமையாகக் கிடக்கும். அதனால் சிப்பியின் நிலையை ஆய்ந்தறிந்த பின்னரே குளிப்புக்கு இசைவு வழங்கப்பட்டது. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடைபெற்றதே இறுதியான முத்துக்குளிப்பு. அதன்பின் பார்கள் பழைய வளத்தை எய்தவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், சிப்பியை வளர்த்து முத்து விளைவிக்கும் முறையில் வெற்றி கண்டனர்.

சங்குகுளித்தல் முத்துக்குளித்தலினும் நெடிது நிலைத்தது. இங்கு எடுக்கப்பட்ட சங்குகள் வங்கம் சென்று வளையல்களாக அறுக்கப்பட்டன. இத்தொழிலை ஆராய்ந்து ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் நூலொன்று வெளியிட்டார். கொற்கையிலும் அதன் அண்மையிலும் அகழ்ந்தெடுக்கப்பட்ட சங்குத்துண்டுகள் இத்தொழிலின் தொன்மைக்குச் சான்று.

தேரியும் உப்பளமும்

காற்று இக்கரையில் இருவேறு கொடைகளை வழங்கியுள்ளது. ஒன்று தேரி. குதிரைமொழித் தேரி முதலிய செம்மணல் குன்றுகள் காற்றால் குவிந்தவை. மணற்பரலின்மேல் படிந்த இரும்பின் துரு அதற்குச் செந்நிறம் தந்தது. மேலே வறண்டு தோன்றும் தேரி, பெய்யும் மழையை உறிஞ்சித் தன்னுள் தேக்கிவைத்து, அடிப்பகுதியில் ஊற்றாக வெளிவிடுகிறது. பனையும் கருப்பட்டியும் தேரி வாழ்வின் அடையாளங்கள். மற்றொன்று உப்பு. குறைந்த மழை, நீண்ட வெயில், ஓயாத காற்று ஆகிய மூன்றும் சேர்ந்ததால் தூத்துக்குடி உப்பு விளைச்சலில் நாட்டின் முன்னணி இடங்களுள் ஒன்றாயிற்று. பாத்தியில் காலூன்றி, வெயிலின் வெண்ணொளி கண்ணைத் தாக்க உழைக்கும் உப்பளத் தொழிலாளரின் உழைப்பை உணவின் சுவையறிவோர் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

கடலின் இன்றைய நிலை

வளமிக்க இக்கடல் இன்று பல இடர்களை எதிர்கொள்கிறது. 21 தீவுகளுள் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டும் நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பவளப்பாறைகள் நெடுங்காலம் வெட்டியெடுக்கப்பட்டதே இதற்கு முதன்மையான காரணம். அரண் அழிந்தபின் அலை தீவை அரித்துச் சென்றது. கடல்நீரின் வெப்பம் மிகும்போது பவளம் தன்னுள் வாழும் நுண்பாசிகளை வெளியேற்றி வெளிறிப்போகிறது. வெப்பம் நீடித்தால் மடிகிறது. 1998, 2010, 2016ஆம் ஆண்டுகளில் இவ்வளைகுடாவில் பவளங்கள் பெருமளவில் வெளிறின. வணிக நோக்கில் வளர்க்கப்பட்ட ‘கப்பாபைகசு’ என்னும் அயல்நாட்டுப் பாசி, குருசடைத் தீவை அடுத்த பவளங்களின்மேல் படர்ந்து அவற்றை மூடி அழிப்பதும் கண்டறியப்பட்டது.

ஆற்றின் பக்கமிருந்தும் மாற்றங்கள் நேர்ந்துள்ளன. பொருநையின் குறுக்கே முன்னோர் அமைத்த அணைக்கட்டுகள் ஏழு. ஆங்கிலேயர் காலத்தில் திருவைகுண்டம் அணைக்கட்டு எட்டாவதாகச் சேர்ந்தது. மலையில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு ஆகிய இடங்களில் பெரிய அணைகள் எழுந்தன. இவை வேளாண்மைக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் பயன்படுவன. பல இலட்சம் மக்களின் வாழ்வு இவற்றைச் சார்ந்தது. எனினும் அணைகள் நீரோடு வண்டலையும் நிறுத்திக்கொள்கின்றன. ஆற்று மணலும் அளவின்றி அள்ளப்பட்டது. நகரங்களின் கழிவுநீரோ தடையின்றி ஆற்றில் கலக்கிறது. ஒருகாலத்தில் துறைமுகங்களைத் தூர்க்குமளவு வண்டல் கொணர்ந்த ஆறு, இன்று கோடையில் கழிமுகத்தை அடையும்போது மெலிந்து காண்கிறது.

‘ஆற்றுநீர் கடலில் வீணாகக் கலக்கிறது’ என்னும் கூற்றைப் பலரும் கேட்டிருப்பர். வயல் காய்ந்து நிற்கும்போது உழவர் அவ்வாறு கூறுவதில் நியாயம் உண்டு. ஆயினும் அக்கூற்று முழு உண்மையன்று. ஆற்றின் நன்னீர் கழிமுகத்தில் உந்தி நிற்கும்வரைதான் கடலின் உவர்நீர் நிலத்தடியில் உட்புகாது. அந்த உந்துதல் குறைந்தால், முதலில் உவர்ப்பது ஆத்தூர், முக்காணி வட்டாரக் கிணறுகளே. புவிசார் குறியீடு பெற்ற ஆத்தூர் வெற்றிலையும் அவ்வட்டாரத்து வாழையும் நன்னீரை நம்பியவை. கழிமுகத்துக்குச் செல்லும் நீர் மீனவருக்கு மட்டும் உரியதன்று. அது கடைமடை உழவரின் நிலத்துக்கும் காவல். ஆகவே, கடலுக்கு நீர் செல்ல வேண்டுமா என்பதன்று வினா. எவ்வளவு நீர், எப்போது செல்ல வேண்டும் என்பதே வினா. அதற்கு விடை காண உழவரும் மீனவரும் அறிவியலாளரும் ஒருங்கே அமர்தல் வேண்டும்.

நீர் மிகினும் துன்பமே. 2023 டிசம்பர் 17, 18ஆம் நாள்களில் தென்மாவட்டங்களில் வரலாறு காணாத மழை பெய்தது. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. ஓராண்டு முழுவதும் அப்பகுதியில் பெய்யும் சராசரி மழையைவிட இது மிகுதி. குளங்கள் உடைந்தன, பொருநை கரைபுரண்டது, ஊர்கள் தீவுகளாயின. தூர்ந்த குளமும், அடைபட்ட ஓடையும், நீரின் வழியில் எழுந்த கட்டடமும் வெள்ளத்தின் கொடுமையைப் பெருக்கின. காத்தலும் அழித்தலும் முந்நீரின் இயல்பு என்பதை அந்நாள்கள் மீண்டும் உணர்த்தின.

காக்கும் முயற்சிகள்

தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த 560 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. 2001இல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டன. அதே ஆண்டில் யுனெஸ்கோ இக்காப்பகத்தைத் தன் உலக வலையமைப்பில் சேர்த்தது. அரிக்கப்பட்டு வந்த வான் தீவைச் சுற்றிக் கடலடியில் செயற்கைப் பாறைகள் நிறுவப்பட்டு அலையின் வேகம் தடுக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் விசைப்படகுகள் மீன்பிடிப்பது தடைசெய்யப்படுகிறது. மீன்கள் இனப்பெருக்கம் செய்ய இது வழிவகுக்கிறது.

பாதுகாப்பின் சுமை யார் தோளில் விழுகிறது என்பதும் எண்ணத்தக்கது. மண்டபம், கீழக்கரைப் பகுதிகளில் தீவுகளை ஒட்டிய கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி முதலியவற்றைச் சேகரித்து வாழும் பெண்கள் பலர். பூங்கா எல்லைக்குள் நுழைதல் குற்றமானபோது, தலைமுறையாகச் செய்த தொழிலே அவர்களுக்கு அச்சத்துக்குரியதாயிற்று. அவர்கள் தமக்குள் கூடிப்பேசி, மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள் மட்டுமே பாசி எடுப்பது எனவும், பவளத்துக்குக் கேடு விளைக்கும் கருவிகளைத் தவிர்ப்பது எனவும் வரையறை செய்துகொண்டனர். கடலை நம்பி வாழ்வோரைக் கடலின் பகைவராகக் கருதாமல், காவலராகக் கொள்ளும்போதே பாதுகாப்பு நிலைபெறும் என்பதற்கு அவர்களின் செயல் சான்றாகும்.

பொருநையின் கரையில் வாழும் ஒருவர் கடலைக் கண்ணால் கண்டிராமல் இருக்கலாம். எனினும் அவர் ஆற்றில் எறியும் நெகிழிப்பை ஆவுளியாவின் மேய்ச்சல் நிலத்தைச் சென்றடையக்கூடும். அவர் தூர்வாரும் வாய்க்கால் கடைமடைக்கு நீர் சேர்க்கும். கொற்கை ஒரு துறைமுகத்தின் பெயர் மட்டுமன்று. மலையில் நிகழ்வது கடலில் முடியும் என்பதற்கான சான்று. மூவாயிரம் ஆண்டுகளாகப் பொருநை எழுதிவரும் அந்நூலின் அடுத்த பக்கம் இன்றைய தலைமுறையின் கையில் உள்ளது.

சொற்பொருள்

வண்டல் – ஆறு கொணரும் நுண்மண். கழிமுகம் – ஆறு கடலோடு கலக்குமிடம். பார் – கடலடிப் பாறைத்திட்டு. சல்லி – உடைந்த பவளத்துண்டு. நீவாடு – கடல் நீரோட்டம். குளியாள் – கடலில் மூழ்கி முத்தோ சங்கோ எடுப்பவர். கடைமடை – பாசனத்தின் இறுதிப்பகுதி.

கற்றவை கற்றபின்

1. உங்கள் ஊரில் பாயும் ஆறு அல்லது ஓடை எவ்வூர்களைக் கடந்து எக்கடலில் கலக்கிறது என்பதைக் காட்டும் நிலப்படம் வரைக.
2. காற்று, அலை, மீன், படகு தொடர்பாக மீனவர் வழங்கும் வட்டாரச் சொற்களைத் திரட்டி அகரவரிசைப்படுத்துக.
3. ‘ஆற்றுநீர் கடலில் கலப்பது வீணா?’ என்னும் பொருளில் உழவர், மீனவர், அறிவியலாளர் ஆகியோரின் நிலையில் நின்று வகுப்பறையில் கலந்துரையாடுக.

நம்மை அளவிடுவோம்

குறுவினா
1. முந்நீர் – பெயர்க்காரணம் தருக.
2. கடற்பாசி, கடற்புல் – வேறுபடுத்துக.
3. தேரியின் செந்நிறத்துக்குக் காரணம் யாது?

சிறுவினா
1. கொற்கை கடலிலிருந்து விலகிச் சென்றதன் காரணத்தை விளக்குக.
2. பொருநைக் கழிமுகத்தை ஒட்டிப் பவளப்பாறைகள் செழிக்காதது ஏன்?
3. தீவுப் பெயர்கள் வழிப் புலப்படும் மக்களின் நோக்கினை எடுத்துக்காட்டுக.

நெடுவினா
1. மலை, ஆறு, கழிமுகம், கடல் ஆகியன ஒன்றையொன்று சார்ந்து இயங்குவதைப் பாடப்பகுதி கொண்டு நிறுவுக.
2. மன்னார் வளைகுடா எதிர்கொள்ளும் இடர்களையும் அவற்றைக் களையும் வழிகளையும் தொகுத்து எழுதுக.